இழுக்காத கை

அந்த மைனி எதையும் பிடித்து இழுத்து நான் பார்த்ததில்லை. மழையில் ஊதிப்போன கதவானாலும் சரி, கொடிக்கம்பியில் சிக்கிய சேலையானாலும் சரி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதரானாலும் சரி, அவர் கை முதலில் போய்த் தொடும். பிறகு அப்படியே நிற்கும். அந்த நிற்றல்தான் அவர். சுற்றியிருக்கிற எங்களுக்கு அதைப் பார்த்தாலே உடம்பெல்லாம் அரிக்கும்.

முக்கியமாக எனக்கு. நான் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஆணி, ஸ்குரூ, போல்ட் மொத்த வியாபாரம் செய்கிறவன். திருவனந்தபுரத்தில் பாதி வீட்டுக் கதவுகள் நான் விற்ற ஸ்குரூவில்தான் நிற்கின்றன. ஆனால் என் வீட்டில் ஒரு ஸ்குரூவைக்கூட நான் உருப்படியாகக் கழற்றியதில்லை. தொடங்குவேன். பாதியில் வேர்க்கும். சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டு யாருக்காவது போன் போடுவேன். அவர் எடுப்பதற்குள் இழுத்து உடைத்துவிடுவேன். போனை எடுத்தவர் “என்ன விஷயம்?” என்று கேட்கும்போது விஷயம் முடிந்திருக்கும்.

மைனி எங்கள் சந்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தார். சொந்தம் ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியதால் இவர் மைனி ஆனார். தையல் வேலை. தையல் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. தைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. பிரிக்கிறவர் இவர் ஒருவர்தான். வேறு யாரோ தைத்துக் கெடுத்த பட்டு ரவிக்கை, உடம்பு போட்டவர்களின் பழைய ரவிக்கை, அக்காளுடையது தங்கைக்கு ஆக வேண்டிய பாவாடை எல்லாம் அவரிடம் வரும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தைத்தவன் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறான் என்று விரலால் தேடுவார். முடிச்சு கிடைத்தால் நூல் முழுசாக உருவிக்கொண்டு வரும்; துணியில் ஊசி போன தடம்கூடத் தெரியாது. நடுவில் நூல் நின்றுவிட்டால் அவரும் நின்றுவிடுவார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்பார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு முடிச்சு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அது இருக்கும்வரை இழுப்பது பாவம் என்பதுபோல அவர் முகம் இருக்கும்.

என் கல்யாணத்தன்று காலையில் என் பட்டுச் சட்டை எனக்குப் பத்தவில்லை. தையல்காரர் அளவெடுத்த நாளுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே நான் ஊரெல்லாம் விருந்து சாப்பிட்டிருந்தேன். எப்படியோ உள்ளே போய்விட்டேன். கையைத் தூக்க முடியவில்லை. தாலி கட்டுகிறவன் கையைத் தூக்க வேண்டுமே. நான் “கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுமா” என்று அப்பாவிடம் கேட்டதாக என் மனைவி இன்றும் சொல்கிறாள். அப்போது மைனி வந்து, சட்டை என் உடம்பில் இருக்கும்போதே, இரண்டு பக்கத்துத் தையலையும் பிரிக்க உட்கார்ந்தார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“மூச்ச விடுங்க தம்பி” என்றார். “நீங்க இறுக்கினா நூலும் இறுகும்.”

தையலைத் திறந்து, மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டு மறைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பினார். கல்யாணப் படங்களில் நான் கம்பீரமாக இருப்பேன். அங்கவஸ்திரத்தை மட்டும் யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது.

பிறகு என் மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மாடிப்படிக் கம்பிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். போன தலை திரும்பி வரவில்லை. நான் தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து அவள் தலையில், கழுத்தில், கம்பியில், படியில் எல்லாம் ஊற்றினேன். அதன்பிறகு அவளை யாராலும் பிடிக்கவும் முடியவில்லை, நான் நிற்கவும் முடியவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். தீ எங்கே என்று கேட்டார்கள். தீ இல்லை, தலை என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

மைனி வந்து பிள்ளைக்கு எதிரே படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பயறு தோரன் பிடிக்காது என்று நீளமாகச் சொன்னாள். மைனியின் விரல் அவள் காதுக்குப் பின்னால் மெல்லப் போய் நின்றது.

“தம்பி, அந்தக் குப்பிய வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. தலை வரும். இன்னும் ஒண்ணு இருக்கு.”

கம்மலின் திருகாணி கம்பியில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றியதும் தலை தானாக வெளியே வந்தது. திருகாணியை என் எண்ணெய்க் கையில் வைத்து, “உங்க கடைச் சரக்குதான்” என்றார். சிரிக்கவில்லை.

இனி வண்டிக்கு வருகிறேன்.

அண்ணாச்சி சின்ன வயதில் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டிரைவர். முதலாளி ஊரை விட்டுப் போகும்போது தன் பழைய இங்கிலாந்துக் காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். மலைக்குளிருக்கு அதில் ஹீட்டர் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஹீட்டர் உள்ள கார் என்பது மீன் தொட்டிக்குள் குடை வைத்ததுபோல. அண்ணாச்சி அதைத் தொடவில்லை. வண்டியைக் கல்யாணக் காராக்கி, ஹீட்டருக்குக் கீழே ஒரு ஏசிப் பெட்டியையும் பொருத்தினார். விழிஞ்ஞத்துச் சர்ச் கல்யாணம், கோட்டைக்குள் கோவில் கல்யாணம், கல்லாற்றுப் பக்கத்துக் கல்யாணம் எல்லாம் அந்த வண்டியில்தான். நான் பிரிந்த தையலோடு போனதும் அதில்தான்.

அவர் மகன் பெங்களூரில் காதலித்து அவசரமாகப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். அதே நாளில் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டுக்கு அண்ணாச்சி வண்டி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு வாக்குதான் என்று அங்கே போய்விட்டார். மைனி மட்டும் ரயிலேறிப் போனார். அதன்பிறகு மகன் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறவில்லை. அண்ணாச்சி இறந்ததற்கு வந்தவன் ஷெட் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

வண்டி ஷெட்டில் நின்றது. ஹீட்டருக்குள் ஓடுகிற வெந்நீர் கசிந்து முன்சீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் துருநீர். ஏசியின் கம்ப்ரஸர் இறுகிப்போய் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. என்ஜினை முடுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம், உடனே நின்றுவிடும். அதோடு உள்ளே ஒரு வாடை. அழுகலும் இல்லை, வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில்.

மகன் போனில் சொன்னதை நானே கேட்டேன். மைனி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஓணத்துக்கு வாறேன். அந்தச் சாதனம் தானா ஓடி கேட்டத் தாண்டினா நிக்கட்டும். இல்லைன்னா ஆக்ரிக்காரனக் கையோட கூட்டிட்டு வருவேன் அம்மா. அப்புறம் ஒண்ணும் பேசப்படாது.”

“செரி மக்கா. சாப்பிட்டியா?” என்றார் மைனி.

நான் குதித்தேன். “மைனி, அவன்கிட்ட எடுத்துச் சொல்ல வேண்டாமா? வண்டியப் பழைய இரும்புக்குப் போடுவேங்கான்.”

“அவன இழுத்தா வரமாட்டான் தம்பி. அவனுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு.”

அது என்ன என்று இருவருக்கும் தெரியும். நெய்யாற்றின்கரை.

கிள்ளிப்பாலத்திலிருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரரை அழைத்து வந்தேன். அவர் முன்சீட்டுக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “சேச்சி, ரெண்டு பெட்டியும் ஊரணும். டாஷ் பொட்டும். பொட்டியா பின்னெ சாதனம் கிட்டில்ல” என்றார். இரண்டையும் கழற்றினால் டாஷ்போர்டு உடையும், உடைந்தால் மாற்று கிடைக்காது என்பதாக்கும் தீர்ப்பு. சொல்லிக்கொண்டே உள்ளே கையைவிட்டு ஒரு இழு இழுத்தார். எங்கேயோ கிறுக் என்றது.

“மதி மோனே” என்றார் மைனி. “சாயா குடிச்சிட்டுப் போ.”

அவர் போனதும் மைனி ஷெட்டில் ஒரு பழைய படுக்கைவிரிப்பை விரித்தார். தையல் டப்பாவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். நான் சட்டையின் மேல் பட்டனைத் திறந்தேன். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதற்கு மேல் எனக்கும் தெரியாது.

“பேடிக்காதீங்க” என்றார். “யாரோ தச்சதுதானே. பிரிச்சுரலாம்.”

உதவிக்கு நானும் போய் நின்றேன். கடையிலிருந்து புதுச் சரக்காக ஒரு காந்தத் தட்டு கொண்டு போனேன். ஸ்குரூக்களைப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, அதன்மேல் சாயா தம்ளரை வைத்துக்கொண்டார். அவர் முறை வேறு. ஒரு பாகத்தைக் கழற்றியதும், அதன் ஸ்குரூவைக் கழற்றிய ஓட்டையிலேயே திரும்ப இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துவிடுவார்.

“இது எதுக்கு மைனி, ரெட்டை வேலை?”

“அதுக்க வீடு எதுன்னு அதுக்குத் தெரியணும். தட்டுல போட்டா எல்லாம் ஒரே மாதிரி அனாதையாக் கிடக்கும்.”

பேட்டரி வயரை எடுத்தார். ரேடியேட்டர் நீரை வாளியில் இறக்கினார். காப்பி நிறத்தில் வந்தது. ஏசிக்காரர் ஒருவரை வரவழைத்து, குழாயில் கேஸ் மிச்சம் இல்லை என்று பார்த்துச் சொல்ல வைத்த பிறகுதான் அந்தப் பக்கம் கை வைத்தார். ஒவ்வொரு வயரைப் பிரிக்கும்போதும் இரண்டு முனையிலும் ஒரே நிற நூலைக் கட்டினார். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம். டாஷ்போர்டுக்கு அடியில் ஜடை பின்னியதுபோல ஆயிற்று. ஏசிப் பெட்டி இறங்கியதும், வாய் திறந்து நின்ற குழாய்களுக்குள் தூசி போகக் கூடாதென்று ரவிக்கைத் துணியில் சின்னச் சின்னத் தொப்பிகள் தைத்து மாட்டினார், ஓரம் மடித்து. வண்டியின் வயிற்றுக்குள் இருக்கப்போகிற ஒன்றுக்கு யார் ஓரம் மடிக்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி என் சட்டையில் ஏறியிருந்த துருக்கறையைப் பார்த்தாள். பிறகு, “நீங்க அங்க என்ன செய்யுதீங்க?” என்று கேட்டாள்.

“டார்ச்சு பிடிக்கேன்.”

“நடுங்காமப் பிடிக்கீங்களா?”

அந்தத் துருக்கறைச் சட்டையை வண்டி ஓடுகிற அன்றுதான் துவைப்பேன் என்றும் சொல்லிவிட்டாள். அதனால் ஷெட்டுக்கு என்றே அது ஆணியில் தொங்கியது.

ஹீட்டர் பெட்டி வரவில்லை. குழாய் கழற்றியாயிற்று, கம்பி கழற்றியாயிற்று, கண்ணில் பட்ட ஸ்குரூ எல்லாம் கழற்றியாயிற்று. பெட்டி லேசாக ஆடுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சந்தில் பிள்ளைகள் பூக்களம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் மைனி. சொல்லிவிட்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் முழுக்க. மறுநாள் மத்தியானமும். பார்ப்பது என்றால் வெறும் பார்ப்பது. விசிறிகூட இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. அவர் சாயா போட உள்ளே போன நேரம் பார்த்து, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து புகுந்து, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். படாரென்று சத்தம். போச்சு, டாஷ்போர்டு உடைந்தது, அண்ணாச்சியின் ஆத்மா மன்னிக்காது, இன்றே பெங்களூருக்குப் போன் போட்டு ஆக்ரிக்காரரை வரச் சொல்லிவிடலாம் என்று வரிசையாக யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, சத்தம் வண்டியிலிருந்து வரவில்லை. என் இடுப்பிலிருந்து வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மார்பில் ஏதோ பிடித்து இழுத்தது. கையில் அகப்பட்டதையெல்லாம் பிடித்துத் திருகினேன்.

மைனி வந்து குனிந்து பார்த்தார். என் கால் இரண்டும் வண்டிக் கதவுக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்தன.

“உதைக்காதீங்க தம்பி. நீங்க வருவீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு.”

சட்டைப் பை ஹீட்டர் கம்பியின் கொக்கியில் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டார். நான் வெளியே வந்து, சாயாவைக் குடித்து, அந்த வாரம் முழுக்க நிமிராமல் நடந்தேன்.

அந்த இன்னும் ஒன்றை அவர் கண்டுபிடித்தது உள்ளே இல்லை, வெளியே. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடை இருக்கிறது. அதன் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இங்க மட்டும் பெயின்ட் மேடா இருக்கு.”

நானும் தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் சத்தியமாகச் சொல்கிறேன், அது கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் தையல் பிரிக்கிற முள்ளால் பைய பையச் சுரண்டினார். கல்யாணக் கார் என்பதால் அண்ணாச்சி வருஷா வருஷம் பெயின்ட் அடித்திருந்தார். வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழேயும் வெள்ளை, கடைசியில் எஸ்டேட் காலத்துப் பச்சை. அதற்கும் கீழே ஒரு ஸ்குரூவின் தலை. திருப்பினார். உள்ளே போய் உட்கார்ந்தார். பெட்டி ஒரு பெருமூச்சுப்போல அசைந்து, தானாக இறங்கி, அவர் மடியில் உட்கார்ந்தது. டாஷ்போர்டில் ஒரு கீறல் இல்லை.

என் கையிலிருந்த டார்ச் முதல்முறையாக நடுங்காமல் நின்றது.

பெட்டியைத் திறந்தபோதுதான் அந்த வாடை எது என்று தெரிந்தது. உள்ளே முழுக்கப் பூ. முன்பக்கத்தில் கட்டிய மாலைகளிலிருந்தும் மேலே தூவியதிலிருந்தும் உதிர்ந்து, சல்லடை வழியே உறிஞ்சப்பட்டு, அடுக்கடுக்காகப் படிந்து கறுத்து மக்கிப்போயிருந்தது. நடுவே அட்சதை அரிசி, ஜரிகைத் துணுக்கு, விழிஞ்ஞத்துச் சர்ச்சில் தூவிய வண்ணக் காகிதம், இன்னும் மினுங்குகிற ஜிகினா. எங்கோ அதற்குள் என் மாலையும் இருந்திருக்க வேண்டும்.

மைனி எல்லாவற்றையும் ஒரு பேசினில் கொட்டினார். விரலால் ஒருமுறை கிளறினார்.

“ஊர்க் கல்யாணம் பூரா இதுக்குள்ள கிடக்கு” என்றார். “ஒண்ணுதான் இல்ல.”

ஹீட்டரை ஒட்டவைக்க முடியாது என்று ரேடியேட்டர் கடையில் சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் அது எதற்கு என்று, என்ஜினிலிருந்து வருகிற இரண்டு குழாயையும் ஒரு வளைந்த ரப்பர் குழாயால் இணைத்தோம். இறுகிய கம்ப்ரஸரையும் இறக்கினோம். பிறகு மைனி நூல் நிறம் பார்த்து எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார். உத்திராடத்தன்று என்ஜின் முனகியது, இருமியது, ஓடியது. ஓடியதும் நிறுத்திவிட்டார். “நாளைக்கு அவன் வரட்டும்” என்றார்.

திருவோணத்தன்று காலையில் மகனும் மருமகளும் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஆக்ரிக்காரரின் குட்டி லாரி. சொன்னபடி செய்கிற குணம் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. வண்டி நின்றுபோனால் தள்ள வேண்டுமே என்று நான் அந்தத் துருக்கறைச் சட்டையோடு தயாராக நின்றேன்.

மகன் வண்டியைப் பார்க்கவில்லை. வராந்தாவில் இருந்த பேசினைப் பார்த்தான்.

“இது என்னம்மா?”

நான் சொல்ல வாயெடுத்தேன். என் மணிக்கட்டில் மைனியின் விரல் வந்து நின்றது. அவன் குனிந்து கையை விட்டான். ஜிகினா விரலில் ஒட்டியது. ஷெட்டில் கிடந்த பெட்டியையும் பேசினையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்துவிட்டது. அதிலேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

“இதுல எங்களுது இல்ல” என்றான்.

“இல்ல” என்றார் மைனி.

அவ்வளவுதான். அப்பா பாவம், வாக்கு, மரியாதை, மன்னிப்பு என்று நானாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவர் அந்த ஒரு சொல்லோடு நின்றார். ஆக்ரிக்காரர் பீடி பற்றவைத்தார். எனக்கு வேர்க்கத் தொடங்கியது.

மருமகள்தான் அசைந்தாள். வாசல் பூக்களத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை செவ்வந்தியை அள்ளிக்கொண்டு போய், முன்கண்ணாடிக்குக் கீழே, அந்தச் சல்லடைமேல் போட்டாள். பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

“ஓட்ட யாரு?” என்று கேட்டான் மகன்.

மைனி சாவியை நீட்டினார். அவன் பின்சீட்டைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான், டிரைவர் சீட்டில் ஏறினான். மருமகள் இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் கால் வைத்த இடம் காய்ந்திருந்தது. வண்டி தானாக ஓடிக் கேட்டைத் தாண்டியது.

ஆக்ரிக்காரருக்குக் கம்ப்ரஸரும் ஏசிப் பெட்டியும் கிடைத்தன. வெறுங்கையோடு போக வேண்டாமே. ஹீட்டரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் என் கடை மேல்தட்டில் இருக்கிறது. பிறகு மைனியும் வண்டியும் பெங்களூருக்கே போய்விட்டார்கள். மார்கழியில் மகன் போன் செய்து, “மாமா, காலையில வண்டியில கை விறைக்கு. அந்த ஹீட்டர ஒட்டவைக்க ஆள் கிடைக்குமா?” என்று கேட்கிறான். அது வேறு கதை.

அன்று காலையில், சந்து முனையில் வண்டி திரும்பி மறைந்ததும், வேர்வையைத் துடைக்க நான் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினேன். விரலில் தட்டுப்பட்டது ஒரு ஸ்குரூ.

வாழ்நாள் முழுக்க ஸ்குரூ விற்றவன் ஸ்குரூவைப் பார்த்து இப்படி நடுங்கியிருக்க மாட்டான். இடுப்புப் பிடித்த அன்று நான் பிடித்துத் திருகியதில் ஒன்று கழன்று பைக்குள் விழுந்திருக்கிறது. கிள்ளிப்பாலத்தில் சக்கரம் தனியாக, கதவு தனியாக, புதுமணத் தம்பதி தனியாக உருளுகிற காட்சி எனக்குத் தெரிந்தது. மேல் பட்டனைத் திறந்தேன். போனை எடுத்தேன்.

“அது முன்னால இருக்க சின்ன அறைக்கு அடியில உள்ளது” என்றார் மைனி, தெருவைப் பார்த்தபடியே. “பொருள் வைக்க மட்டுந்தான். ஒண்ணும் ஆகாது. ஓட்டை காலியாக் கிடந்தத அன்னைக்கே பாத்தேன்.”

“அப்ப ஏன் மைனி எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா பதறி எங்கயாவது தொலைச்சிருப்பீங்க. வரட்டும்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். என் விரலிலிருந்து எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, நான் போடும்வரை அப்படியே நின்றார்.